ஏர் மாடா, ரேக்ளா மாடா?

ரயில்வேயில் இயந்திரப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படித்தது டிப்ளமா, மற்றதெல்லாம் எண்ணெய்க் கையோடு கற்றது. இப்போது மைசூரு ஹெப்பாளில் மகன் வீட்டோடு இருக்கிறேன். மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊட்டி, கோவை, ஈரோடு என்று இரு சக்கர வண்டியிலேயே குடும்பத்தோடு கிளம்பும் வீடுகள் நம்மிடையே எத்தனையோ உண்டு. அந்த வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கூடவே, முப்பத்தைந்து ஆண்டுகளாக நான் சொல்லிவந்த ஒரு பொய்யையும் இந்தப் பக்கத்தில் இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது.

2024 தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வந்த மகன், வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு அலுப்போடு சொன்னான்: "அப்பா, ரிங் ரோட்டுல பறக்குது. ஆனா கம்பெனி கேட் கிட்ட கூட்டத்துல மெதுவா வந்தா இருமுது. ரெண்டு தடவை நின்னே போச்சு. நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

அவன் வைத்திருப்பது நீண்ட பயணத்துக்கென்றே செய்த, ஒற்றைச் சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் வண்டி. எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே தேவையில்லை. ஏனென்றால் குறை வண்டியில் இல்லை. கீழே குனிந்து பார்த்தேன். கம்பெனி சைலென்சரைக் கழற்றிவிட்டு, தடித்த சத்தம் போடும் ஒரு திறந்த குழாயை மாட்டியிருந்தான். காற்று வடிகட்டிப் பெட்டி இருந்த இடத்தில் கூம்பு வடிவத்தில் ஒரு வடிகட்டி. "பவர் ஏறும்னு சொன்னாங்கப்பா" என்றான்.

வாசற்படியில் நின்றிருந்த என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இடது மணிக்கட்டை வலது கையால் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த மணிக்கட்டின் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் எஞ்சின் விஷயம்.

வலிமை வேறு, இழுவை வேறு

நம் ஊர்ப்பக்கம் ஏர் மாடு உண்டு, ரேக்ளா மாடும் உண்டு. ரேக்ளா மாடு பந்தயத்தில் பறக்கும். அதையே ஈரமான வயலில் கலப்பையில் பூட்டினால் நாலு அடியில் திணறும். ஏர் மாடு பந்தயத்தில் கடைசியாக வரும். ஆனால் சேற்றில் கால் புதைந்தாலும் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே போகும். விளம்பரத்தில் போடும் குதிரைத்திறன் ரேக்ளா மாட்டின் கணக்கு. மெதுவேகத்தில் சக்கரத்தைத் திருப்பும் முறுக்கு விசை ஏர் மாட்டின் கணக்கு. மெக்கானிக்குகள் இதைத்தான் டார்க் என்றும், இழுவை என்றும் சொல்லுகிறார்கள்.

இரண்டுக்கும் உறவு எளிது. முறுக்கு விசையைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் வருவது திறன். ஆகவே ஒரே எஞ்சின் நிமிடத்துக்கு 7000 சுற்றில் பெரிய குதிரைத்திறன் காட்டலாம். 1500 சுற்றில் கையாலாகாமல் நிற்கவும் செய்யலாம்.

மலைப்பாதைக்கு எவ்வளவு திறன் வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி, இரண்டு பேர், மூட்டை எல்லாம் சேர்த்து 340 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் சாலை. அந்த ஏற்றத்துக்குச் சுமார் 28 கிலோ இழுப்பு, டயர் உருளும் தடைக்கு 7 கிலோ, ஆக 35 கிலோ. மணிக்கு 15 கிலோமீட்டரில் ஏறினால் செலவாவது இரண்டு குதிரைத்திறனுக்கும் குறைவு! கொண்டை ஊசி வளைவின் உள் ஓரத்தில் ஏற்றம் இரு மடங்கானாலும் மூன்றரைக்குள்தான். பதினாறு குதிரைத்திறன் வண்டி இங்கே ஏன் நிற்க வேண்டும்? அந்தப் பதினாறும் எஞ்சின் வேகமாகச் சுழலும்போது மட்டுமே இருக்கிறது. வளைவில் நாம் இருக்கும் சுற்றில் அது இல்லை. அதுதான் காரணம்.

ரயிலில் இந்தச் சங்கடத்தை எங்கள் முன்னோர்கள் வேறு விதமாகத் தீர்த்தார்கள். நீராவி எஞ்சினுக்கு இந்தக் கவலையே கிடையாது. சக்கரம் அசையாமல் நிற்கும்போதே நீராவி பிஸ்டனை முழு அழுத்தத்தோடு தள்ளும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் நீலகிரி மலை ரயிலைப் பாருங்கள். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்த பாதை அது. கல்லாறுக்கு மேல் ஏறத்தாழ பன்னிரண்டுக்கு ஒன்று ஏற்றம். அங்கே ஓடிய 'எக்ஸ்' வகை எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஏற்றத்தில், முதல் இரண்டு சிலிண்டர்களில் வேலை செய்த நீராவியே அடுத்த இரண்டுக்கும் போய், தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்சட்டத்தைப் பிடித்து ஏறும் பல்சக்கரத்தைச் சுழற்றும். வேகம் நடைவேகத்தை விடக் கொஞ்சம்தான் கூட, ஆனால் நிற்காது.

டீசல் எஞ்சினுக்கோ நின்ற இடத்திலிருந்து இழுக்கத் தெரியாது. நான் பல ஆண்டுகள் கைவைத்த டபிள்யூ.டி.எம்.2 எஞ்சின் 2600 குதிரைத்திறன் கொண்டது. ஆனால் 400 சுற்றுக்குக் கீழே அது உயிரோடு இராது. அதனால் டீசல் எஞ்சினைச் சக்கரத்தோடு நேராகப் பூட்டாமல், அதைக் கொண்டு மின்சாரம் எடுத்து, சக்கரங்களை மின் மோட்டார்களால் திருப்புகிறார்கள். அந்த மோட்டார்கள் நின்ற நிலையில்தான் அதிகமாக முறுக்கும். மோட்டார் சைக்கிள்காரருக்கு இந்த வசதி ஏது? கிளட்ச்சும் கியரும் எஞ்சினின் சொந்த இழுவையும்தான் அவருக்குத் துணை.

யாதவகிரி வண்டியும் என் அறிவாளித்தனமும்

மைசூரில் மோட்டார் சைக்கிள் பேச்சு எடுத்தால் யாதவகிரியைத் தொடாமல் முடியாது. செக் நாட்டு ஜாவா வண்டியை, ஐடியல் ஜாவா என்ற பெயரில் 1961 முதல் அங்கே செய்தார்கள். எழுபதுகளில் அதுவே எஸ்டி ஆயிற்று. ஆலை 1996இல் மூடப்பட்டது. ஆனால் அந்த வண்டிகள் இன்றும் இந்த ஊர்த் தெருக்களில் நீலப் புகையோடு ஓடுகின்றன. அந்த 250 சிசி எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 65 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75. விட்டத்தை விட ஓட்டம் நீளம். ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலென்சர்கள். மெதுவேகத்திலும் 'டப் டப்' என்று நிதானமாக இழுக்கும் என்பதுதான் அதன் பெருமை.

எண்பதுகளின் நடுவில் நான் ஒரு எஸ்டி ரோட்கிங்கைப் பழைய விலைக்கு வாங்கினேன். இருபத்தேழு வயது, கையில் டிப்ளமா, ரயில்வே சம்பளம். சும்மா இருக்க முடியுமா? நஞ்சன்கூடு சாலையில் நண்பர்களை முந்த வேண்டும் என்று மூன்று காரியங்கள் செய்தேன். இரண்டு சைலென்சர்களின் உள்ளே இருந்த தடுப்புக் குழாய்களை உருவி எறிந்தேன். கார்புரேட்டரில் பெரிய மெயின் ஜெட் போட்டேன். முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டினேன். நேர்ச் சாலையில் வண்டி பறந்தது உண்மைதான். என்னைப் போல எஞ்சின் தெரிந்தவன் யார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

1989 மே மாதம். மூன்று வயது மகனைப் பெட்ரோல் டாங்கின் மேலும், மனைவியைப் பின்னால் ஒருக்களித்தும் உட்கார வைத்து ஊட்டிக்குப் புறப்பட்டேன். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் போனோம். ஹெல்மெட் என் தலையில் மட்டும். பந்திப்பூர், தெப்பக்காடு, மசினகுடி தாண்டிக் கல்ஹட்டி ஏற்றம். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறியிருப்போம். ஒரு வளைவில் மேலிருந்து ஒரு பேருந்து அகலமாகத் திரும்பியது. நான் உள் ஓரத்துக்கு ஒதுங்கி வேகத்தைக் குறைத்தேன். இரண்டாவது கியர். பேருந்து கடந்ததும் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினேன். எஞ்சின் 'பொக்' என்று ஒரு சத்தம் விட்டு அணைந்தது.

வண்டி பின்னோக்கி உருண்டது. முன் பிரேக்கைப் பிடித்தேன். சரளையில் டயர் வழுக்கியது. பிள்ளை என் இரு கைகளுக்கும் நடுவே பத்திரமாக இருந்தான். மனைவி பக்கவாட்டில் விழுந்து கையை ஊன்றினாள். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அந்த வளைவுக்கு அப்பால் தடுப்புச் சுவர் கிடையாது. இதற்கு மேல் நான் விவரிக்க விரும்பவில்லை. ஒரு காய்கறி லாரிக்காரர் எங்களை மேலே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மாமனார் கேட்டார், அலுவலகத்தில் கேட்டார்கள், அவளே கேட்டாள்: "நல்லா ஓடின வண்டி ஏங்க நின்னுச்சு?" நான் சொன்ன பதில்: "பெட்ரோல்ல கலப்படம்." வழியில் பெட்ரோல் போட்ட பங்க்காரர் தலையில் பழியைப் போட்டுவிட்டேன். எஞ்சினியர் சொன்னால் மறுப்பார் யார்? அடுத்த வாரமே யாருக்கும் தெரியாமல் சைலென்சரையும் ஜெட்டையும் ஸ்பிராக்கெட்டையும் பழையபடி மாற்றிவிட்டேன்.

உண்மையில் நடந்தது என்ன?

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் புதிய கலவை உள்ளே வரும்போது புகைபோகும் வாயிலும் திறந்தே இருக்கும். கலவையில் கொஞ்சம் எரியாமலே வெளியே ஓடப் பார்க்கும். சைலென்சர் குழாயின் நீளமும் உள் தடுப்பும் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, ஓடுகிற கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளும். எந்தச் சுற்றில் இந்த உதவி கிடைக்க வேண்டும் என்று பார்த்துத்தான் வடிவமைப்பாளர்கள் அளவு வைக்கிறார்கள். நான் தடுப்பை உருவியதும் அந்த உதவி மெதுவேகத்தில் போயிற்று. கலவை வாசல் வழியே வெளியேறிவிட்டது. இது முதல் தவறு.

பெரிய மெயின் ஜெட் அகலமாகத் திறந்த நிலையில் நிறையப் பெட்ரோல் தரும். எஞ்சின் வேகமாகச் சுழன்றால் காற்று விரைந்து வந்து அதைப் பொடியாக்கி எடுத்துப் போகும். குறைந்த சுற்றில் திடீரென்று முழுக்கத் திறந்தால் காற்றுக்கு வேகம் இல்லை. பெட்ரோல் துளித் துளியாக விழும். மலை ஏற ஏறக் காற்றும் மெலிகிறது. மைசூரு சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் அதிகம், காற்று குறைவு, எஞ்சினுக்கு மூச்சு முட்டியது. இது இரண்டாவது.

முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூடியதால், அதே சாலை வேகத்தில் எஞ்சின் இன்னும் மெதுவாகச் சுழன்றது. சக்கரத்துக்குப் போகும் இழுவையும் குறைந்தது. இது மூன்றாவது. மூன்றையும் நானே என் கையால் செய்தேன். பங்க்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

மகனை உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். மருமகளும் இருந்தாள். என் மனைவி காப்பித் தட்டோடு நின்று முழுவதும் கேட்டாள். எதுவும் சொல்லவில்லை. தட்டை வைத்துவிட்டு, "இப்ப இவன் வண்டிய முதல்ல சரி பண்ணுங்க" என்றாள்.

சரி செய்த விதம்

ரயில்வேயில் எனக்கு முதலில் சொல்லித்தந்த பாடம்: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் அளவு. மூன்றை ஒன்றாக மாற்றினால் எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. தொழிற்பேட்டைக்குள் ஞாயிறு விடியற்காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத, லேசாக ஏறும் ஒரு சாலையைத் தேர்ந்தோம். இரண்டாவது கியரில் 15 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 40க்குப் போக எத்தனை வினாடி என்பதே சோதனை. மருமகள் பின்னால் உட்கார்ந்து கைப்பேசியில் நேரம் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஐந்து முறை, கூட்டிச் சராசரி. திறந்த குழாயோடு பதினோரு வினாடி ஆயிற்று, அதுவும் முதல் இரண்டு வினாடி இருமலிலேயே போயிற்று.

முதல் வேலை, கம்பெனி சைலென்சரையும் காற்றுப் பெட்டியையும் திரும்ப மாட்டியது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினிலும் மூச்சுக்கு ஒழுங்கு உண்டு. காற்று உள்ளே வரும் குழாய் நீளமாகவும் அளவாகவும் இருந்தால் மெதுவேகத்திலும் காற்றுக்கு ஓட்டம் இருக்கும். வாயை அகலத் திறந்துவிட்டால் உயர் சுற்றில் லாபம், கீழே நஷ்டம். பெட்ரோலை ஊசி மூலம் செலுத்தும் இன்றைய வண்டியில் கணினி, கம்பெனி சைலென்சருக்கு என்று எழுதிய கணக்கின்படிதான் பெட்ரோல் கொடுக்கும். வெளியே எல்லாவற்றையும் மாற்றினால் அந்தக் கணக்கு பொய்த்து, கலவை மெலிந்து எஞ்சின் இருமும். பழையதை மாட்டியதும் பதினொன்று ஒன்பதரையாகக் குறைந்தது, இருமலும் நின்றது. மாட்டக் கூலியைத் தவிரச் செலவில்லை. சைலென்சரைக் கழற்றி ஊரைக் கூட்டும் சத்தத்தோடு ஓட்டுவது சட்டப்படியும் குற்றம். பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்லுகிறது. தண்டத்துக்குப் பயப்படாவிட்டாலும் வளைவுக்குப் பயப்பட வேண்டும்.

இரண்டாவது வேலை, ஆரோக்கியம் பார்ப்பது. இதற்கு யாதவகிரி ஆலையில் அது மூடும் வரை வேலை பார்த்த என் பழைய நண்பரை அழைத்தேன். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். ஹெப்பாளுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், ஹொஸ பார்ட் ஏதும் வேண்டாம். ஸ்வல்ப பொறுமை போதும்" என்றார். டேப்பெட் இடைவெளி ஒன்றில் குறைந்திருந்தது. வால்வு முழுக்க மூடாவிட்டால் அழுத்தம் கசியும். அந்தக் கசிவு மெதுவேகத்தில்தான் அதிகமாக வெளிப்படும், ஏனென்றால் கசிவதற்கு நேரம் நிறைய. த்ராட்டில் வாயில் கரி படிந்திருந்தது, துடைத்தார். ஸ்பார்க் பிளக் மாற்றினார். கிளட்ச் கேபிளுக்குத் தளர்வு கொடுத்தார். செயின் ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தொங்கியது; சரி செய்தார். பின் பிரேக் லேசாக உரசிக்கொண்டிருந்தது, விடுவித்தார். டயரில் காற்று குறைவு, நிரப்பினோம். ஒன்பதரை ஒன்பதுக்கும் கீழே வந்தது. வினாடிக் கணக்கில் சிறிதுதான். ஆனால் ஐட்லிங்கில் எஞ்சின் சீராக நின்றதே, அதுதான் பெரிய லாபம்.

மூன்றாவது வேலைதான் உண்மையான மாற்றம். முன் ஸ்பிராக்கெட்டில் பதினைந்து பல் இருந்தது. பதினான்கு பல் போட்டோம். பதினைந்தைப் பதினான்கால் வகுத்தால் சக்கரத்துக்குப் போகும் இழுவை நூற்றுக்கு ஏழு பங்கு கூடுகிறது. எந்த வேகத்திலும் எஞ்சினும் அதே ஏழு பங்கு கூடுதலாகச் சுழலும். அதனால் வளைவில் அணையும் நிலைக்கு எளிதில் போகாது. நேரம் சுமார் எட்டேகால் வினாடிக்கு வந்தது. விலையும் உண்டு: நெடுஞ்சாலையில் எஞ்சின் சற்று அதிகம் கத்தும், மைலேஜ் கொஞ்சம் குறையும், சிறிய பல்சக்கரத்தில் செயின் கூடுதலாக மடங்குவதால் தேய்மானமும் கூடும். சில வண்டிகளில் வேகமானி கியர்ப் பெட்டியிலிருந்து கணக்கெடுக்கும். அதில் காட்டும் வேகம் தவறும். இதையெல்லாம் கம்பெனி சர்வீஸ்காரரிடம் கேட்டுக்கொண்ட பிறகே செய்ய வேண்டும். நெடுஞ்சாலையே அதிகம் ஓடுபவருக்கு இது வேண்டாம். மலையும் ஊர் நெரிசலுமே அதிகம் ஓடுபவருக்கு நல்லது.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புகைபோகும் வாயிலிலும் சைலென்சரிலும் படியும் கரியைச் சுரண்டி எடுங்கள். கிராங்க் பெட்டியின் ஆயில் சீல் கசிகிறதா என்று பாருங்கள். அங்கே காற்றுக் கசிந்தால் மெதுவேக ஓட்டம் கெடும். பாயிண்ட் இடைவெளியும் டைமிங்கும் சரியாக இருக்கட்டும். பைலட் ஜெட்டைத் துளைக்காதீர்கள். ஊதிச் சுத்தம் செய்தால் போதும்.

இதற்கு மேல் உண்டா என்றால், உண்டு. வால்வு திறந்து மூடும் நேரத்தை மாற்றலாம். உள்வால்வு தாமதமாக மூடினால் மெதுவேகத்தில் வந்த காற்றையே பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளிவிடும். சற்று முன்னதாக மூடினால் கீழ்ச் சுற்றில் இழுவை கூடும். அழுத்த விகிதத்தைக் கூட்டலாம். கனமான ஃபிளைவீல் போட்டால் இழுவை கூடாது. ஆனால் எஞ்சின் சட்டென்று அணையாது. இவையெல்லாம் ஆலையில் பல மாதங்கள் சோதனை மேடையில் வைத்துச் செய்கிற வேலைகள். தெருமுனையில் ஒரு மாலைப் பொழுதில் செய்கிற வேலைகள் அல்ல.

ஆலைகளே கற்ற பாடம்

ஆலைகளும் இதே வழிக்குத்தான் வந்திருக்கின்றன. சென்னைத் திருவொற்றியூரில் 1955 முதல் உருவான புல்லட் 350 எஞ்சினின் அளவு 70க்கு 90. நல்ல நீள ஓட்டம். மலைப் பயணத்துக்கென்று ராயல் என்ஃபீல்டு 2016இல் கொண்டுவந்த ஹிமாலயனில் 411 சிசி எஞ்சின். அளவு 78க்கு 86. குதிரைத்திறன் சுமார் இருபத்து நாலரைதான். வேகப் பிரியர்கள் குறை சொன்னார்கள். ஆனால் நாலாயிரம் சொச்சம் சுற்றிலேயே முழு இழுவையும் கிடைத்ததால் லடாக் வரை அதை நம்பிப் போனார்கள்.

நம் ஊர் ஜாவாவின் கதை இன்னும் பொருத்தம். 2018இல் ஜாவா பெயர் மீண்டும் வந்தபோது 293 சிசி எஞ்சினுக்கு 27 குதிரைத்திறன் என்றார்கள். 2024 ஜனவரியில் வந்த ஜாவா 350இல் எஞ்சின் 334 சிசிக்குப் பெரிதாயிற்று. ஆனால் உச்சத் திறன் சுமார் இருபத்திரண்டரைக்குக் குறைந்தது. எஞ்சினைப் பெரிதாக்கித் திறனைக் குறைப்பார்களா என்று என் மகன் கேட்டான். குறைத்தார்கள் அல்ல, இடம் மாற்றினார்கள் என்றேன். உச்சியில் இருந்ததை எடுத்து, நாம் தினமும் ஓட்டுகிற கீழ்ச் சுற்றில் வைத்தார்கள். அகல உழுவதை விட ஆழ உழுவது மேல் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஆகவே திம்பத்தின் இருபத்தேழு வளைவுகளில் சத்தியமங்கலம் பக்கம் போய் வருபவர்களும், ஊட்டிக்கு ஏறுபவர்களும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கம்பெனி கொடுத்ததைக் கெடுக்காதீர்கள். அடுத்து, கெட்டதைச் சரி செய்யுங்கள். அதற்கும் பிறகு தேவைப்பட்டால் ஒரு பல்லைக் குறையுங்கள். ஏற்ற வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு அல்ல. பின்னால் இருப்பவர் தலையிலும் ஹெல்மெட் இருக்கட்டும். குழந்தையை டாங்கின் மேல் உட்கார வைக்கவே வேண்டாம்.

இந்த ஜனவரியில் மகனும் மருமகளும் கூடலூர் வழியாக ஊட்டிக்குப் போய் வந்தார்கள். பந்திப்பூர் வனச்சாலை இரவில் மூடியிருக்கும் என்பதால் விடிந்த பிறகு புறப்பட்டார்கள். மேலே போனதும் மருமகள் தொலைபேசியில் சொன்னாள்: "மாமா, ஒரு வளைவுல கூட இருமலே இல்ல. அத்தைகிட்ட சொல்லிடுங்க." சொன்னேன். அன்று மாலை வரை அவள் தொலைபேசியைப் பக்கத்திலேயே வைத்திருந்ததைப் பார்த்தேன்.

இந்தக் கட்டுரையைச் சங்கத்துக்குக் கொடுக்கும் முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக முழுவதும் படித்தாள். கல்ஹட்டிப் பக்கத்தை இரண்டு முறை படித்த மாதிரி இருந்தது. பிறகு தாள்களைத் திருப்பித் தந்து சொன்னாள்:

"எனக்கு அப்பவே சந்தேகம்தாங்க. அதே பெட்ரோல்லதானே திரும்பி வந்தோம்? என்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. அந்த பங்க்காரர் இப்ப எங்க இருக்காரோ, அவருக்கும் ஒரு வார்த்தை எழுதிடுங்க."

எழுதிவிட்டேன். அந்தப் பெரியவர் எங்கிருந்தாலும் என்னை மன்னிக்கட்டும்.